பிரேக்கில் கை வைத்தவருக்குக் கடைசி சீட்டு

போன மாதம் எங்கள் பழைய ஷெட்டிலிருந்து பாண்டி போன் பண்ணினான். நான் ஓய்வு பெற்றபின் அங்கே அவன்தான் தலைமை மெக்கானிக். "அண்ணே, புதுசா ரெண்டு வண்டி வந்திருக்கு. அதுல பிரேக்கு தானாவே அட்ஜஸ்ட் ஆயிக்கிடுதுண்ணே. ஸ்பேனர் வைக்கிற வேலையே இல்ல" என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் நான் வண்டிக்கு அடியில் குழிக்குள் அண்ணாந்து நின்று செய்த வேலையை ஒரு டப்பா தானே செய்துகொள்கிறதாம். எனக்குச் சந்தோஷம்தான். என் கழுத்து வலி இன்னொருத்தனுக்கு வர வேண்டாம்.

"அந்தக் காலத்து அனுபவத்தை எழுதிக் குடுங்கண்ணே, நம்ம ஷெட்டு வாட்ஸ்அப் குரூப்புல போடுறேன்" என்றும் கேட்டான். மரியாதைக்குக் கேட்டிருப்பான். நான் நிஜமாகவே உட்கார்ந்து எழுதுவேன் என்று நினைத்திருக்க மாட்டான். மாட்டிக்கொண்டான்.

அட்ஜஸ்ட் என்ற இங்கிலீஷ் சொல்லைச் சொல்லாத ஆள் அருப்புக்கோட்டைப் பக்கம் கிடையாது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு நாலாவது ஆள் வந்து நின்று "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க" என்றால், நகரு என்று அர்த்தம். டீக்கடையில் "பாலு தீந்துருச்சு, அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுங்க" என்றால் வரக்காப்பிதான் கிடைக்கும். சம்பந்தம் பேச வந்தவர்கள் "பொண்ணு அட்ஜஸ்ட் பண்ணிப் போகுமா?" என்று கேட்டால், வாயைத் திறக்காமல் இருக்குமா என்று கேட்கிறார்கள். ஆபீஸ் வாசலில் நின்று "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி விடுங்க சார்" என்றால் என்ன அர்த்தம் என்று நான் எழுத வேண்டியதில்லை. என் மனைவி அடிக்கடி, "ஒங்களோட இத்தன வருஷம் அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்" என்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இதிலெல்லாம் யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்கிறார். எவ்வளவு விடுவது என்பதற்கு அளவு கிடையாது. எங்கள் குழிக்குள் அந்தச் சொல்லுக்கு அளவு இருந்தது. அந்த அளவை வைத்தவர் ராமசுப்பு அண்ணாச்சி. அவரைப் பற்றித்தான் இதில் எழுதப் போகிறேன்.

ஐ.டி.ஐ. முடித்தது, ஒரு லாரிப் பட்டறையில் இரண்டு வருஷம் கரி பூசிக்கொண்டது எல்லாம் எல்லாருக்கும் உள்ள கதை. பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு முதலாளியின் பஸ் ஷெட்டில் சேர்ந்தேன். ஏழெட்டு வண்டிகள்தான். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, மல்லாங்கிணறு என்று சுற்றிச் சுற்றி ஓடும். அங்கே அண்ணாச்சிதான் ஃபோர்மேன்.

வயதில் சிறியவனைக்கூட அவர் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். கெட்ட வார்த்தை வராது. சத்தம் வராது. பஸ் ஷெட்டில் இப்படி ஒரு மனுஷன் இருந்தார் என்று சொன்னால் மற்ற ஷெட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு பழைய பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். வண்டி உள்ளே வரும்போதே இன்ஜின் சத்தத்தைக் கேட்டு எது கோளாறு என்று சொல்லிவிடுவார்.

விட்டுக்கொடுப்பதில் அவரைப் போல ஆளைப் பார்க்க முடியாது. எங்களில் பாதிப் பேருக்கு ஊரில் மானாவாரிக் காடு இருந்தது. ராத்திரி மழை பெய்தால் மறுநாள் காலையில் விதைக்க ஓட வேண்டும். தயங்கித் தயங்கிப் போய் நிற்போம். "போயிட்டு வாங்க. மழ நமக்காகக் காத்துக்கிட்டா கெடக்கும்?" என்பார். ஆள் குறைந்த வேலையைத் தானே குழிக்குள் இறங்கிப் பார்ப்பார். லேட்டாக வந்தால் கேட்க மாட்டார். சாப்பாடு கொண்டு வராதவன் அவருடைய தூக்குவாளியில் பாதி சாப்பிடுவான். ஆனால் பிரேக் என்று வந்துவிட்டால் மட்டும் அவர் வேறு மனுஷன். அப்போதும் சத்தம் வராது, வாங்க போங்கதான். அசைய மாட்டார்.

பிரேக் அட்ஜஸ்ட் செய்வதை, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரத்தின் உள்ளே டிரம் சுற்றும். பிரேக்கை மிதித்தால் லைனிங் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். ஓட ஓட லைனிங் தேயும், இடைவெளி கூடும். அதைச் சரிசெய்ய வெளியே ஒரு போல்ட் உண்டு. லைனிங் டிரம்மைத் தொட்டு நிற்கும்வரை அதை இறுக்க வேண்டும். பிறகு பின்னால் விட வேண்டும். விடும்போது டக், டக் என்று கேட்கும். எங்கள் வண்டிகளுக்கு அண்ணாச்சி வைத்த அளவு ஆறு டக். கூட விட்டால், மிதித்த பிறகு பிரேக் யோசித்து யோசித்துப் பிடிக்கும். விடாமல் போனால், காலை எடுத்த பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கும். டிரம் சூடேறிப் பழுக்கும்.

இதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். இறுக்கி முடித்ததும் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. ஆறு டக் விட்டதும் அதன் குறுக்கே இன்னொரு கோடு. பெருக்கல் குறி இருந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது என்று அர்த்தம். யார் பாதியில் எழுந்து போனாலும் அடுத்தவனுக்குத் தெரியும்.

அதைவிட முக்கியமான இன்னொரு வழக்கமும் இருந்தது. பிரேக்கில் கை வைத்தவர் அந்த வண்டியின் முதல் நடையில் கூடப் போக வேண்டும். கடைசி சீட்டில், இடது ஓரத்தில் அவருக்கு இடம். போய்விட்டு வந்ததும் அண்ணாச்சி டின்னிலிருந்து எழுந்து வருவார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் கையை விட்டு டிரம்மைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். "உள்ளங்கை காச்சுப் போச்சு, அது பொய் சொல்லும். பொறங்கைக்குத்தான் சூடு தெரியும்" என்பார்.

எனக்குப் பெண் பார்க்கப் போகும் நாளில் நான் காரியாபட்டி வண்டிக்குப் பிரேக் பார்த்துத் தொலைத்தேன். மத்தியானம் மல்லாங்கிணற்றில் பெண் வீட்டில் இருக்க வேண்டும். முதல் நடைக்கு வேறு ஆளை அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். "பொண்ணு பாக்கப் போற அன்னைக்கு நீங்க பிரேக்குல கை வச்சிருக்கக் கூடாது. வச்சிட்டீக. போயிட்டு வாங்க. பொண்ணு வீட்டுக்கு நான் தாக்கல் சொல்லி விடுறேன்" என்றார். ஆளும் அனுப்பினார். நான் மூன்று மணி நேரம் தாமதமாகப் போய் இறங்கினேன். என் மனைவி அட்ஜஸ்ட் பண்ணத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

இனி, என்னால் மறக்க முடியாத ஒரு நாளுக்கு வருகிறேன்.

அண்ணாச்சியின் ஒரே மகள் செல்விக்கு நரிக்குடியில் மாப்பிள்ளை. கல்யாணமும் மாப்பிள்ளை ஊரில்தான். முதலாளி எங்கள் வண்டியையே கொடுத்துவிட்டார். முதல் நாள் மத்தியானம் நான் பிரேக் பார்த்தேன். மூன்று சக்கரம் முடிந்தது. கடைசியாக இடது பின் சக்கரத்தை இறுக்கிவிட்டு சாக்பீஸை எடுக்கும்போது மேலிருந்து ஒரு குரல் என்னைக் கூப்பிட்டது, "கண்ணா, ஓடியாங்க, வாழ மரம் சாயுது!" வண்டி முகப்பில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாக்பீஸ் கையில் இருந்தது. ஒரு கோடு போட வேண்டிய இடத்தில் இரண்டு கோட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு மேலே ஏறினேன். வந்து விட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். வாழை மரம், மாவிலை, காப்பி, கேலிப் பேச்சு என்று ஒரு மணி நேரம் போனது. திரும்பிக் குழிக்குள் இறங்கியபோது டயரில் பெருக்கல் குறி இருந்தது. சரி, முடிந்தது என்று ஸ்பேனரைத் துடைத்து வைத்தேன். என் கையால் போட்ட குறியை நானே நம்பினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். ஒரு குத்தூசி இறங்க இடமில்லாத கூட்டம். பெண்ணை அழைத்துப் போக மாப்பிள்ளையின் பெரியப்பா தன் ஆட்களோடு வந்திருந்தார். வெள்ளை மீசை, பட்டுத் துண்டு, நல்ல கனத்த குரல். கடைசி சீட்டில் எனக்காக அண்ணாச்சி துண்டு போட்டு வைத்திருந்ததைப் பார்த்துவிட்டார்.

"மெக்கானிக்கு உக்கார, எங்க வீட்டுப் பொம்பளையாளு நிக்கணுமோ?" என்றார்.

அண்ணாச்சி இரண்டு கையையும் கூப்பினார். "சம்மந்தி, கோவிச்சுக்கிடாதீக. எஞ்சீட்டுல அவுக உக்காரட்டும். நா நின்னுக்கிட்டு வாரேன். அந்தச் சீட்டு மட்டும் வேணாம்."

மகள் கல்யாண வண்டியில் பெண்ணைப் பெற்றவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பா, "நல்ல சம்மந்தம்" என்று வெளியே பார்த்துச் சொன்னார். எனக்கு உட்காரவே கூசியது. அண்ணாச்சி கண்ணாலேயே உட்காருங்க என்றார்.

வண்டி கொஞ்சம் கனமாக இழுப்பதாக டிரைவர் காசி சொன்னார். இவ்வளவு கூட்டம் ஏறினால் கனக்காமல் என்ன செய்யும் என்று எல்லாரும் சிரித்தார்கள். திருச்சுழி தாண்டியது. மல்லிகைப் பூ வாசனைக்கும் சந்தன வாசனைக்கும் நடுவே பழைய சாக்கு கருகுவது போல ஒரு வாடை என் காலடியிலிருந்து வந்தது.

லைனிங் வாடை. அந்த நொடியில் சாக்பீஸ், வாழை மரம், இரண்டு கோடு எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்தன. நான் விடவில்லை. ஒரு டக் கூட விடவில்லை.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னும் பாதி தூரம்தானே, காசி மெதுவாகத்தானே ஓட்டுகிறார், போய்ச் சேர்ந்ததும் ஆள் பார்க்காமல் விட்டுவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. கோபக்காரச் சம்பந்தி வேறு. வண்டி ஒரு கண்மாய்க் கரையில் ஏறி இறங்கி, அடுத்த கிலோமீட்டர் கல்லையும் தாண்டிவிட்டது. எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா மடியில் கைக்குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே சூட்டில் கிரீஸ் உருகி லைனிங்கில் இறங்கினால் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கே இருக்காது. டயரும் தீப்பிடிக்கலாம். எழுந்துவிட்டேன்.

"அண்ணாச்சி, வண்டிய நிப்பாட்டச் சொல்லுங்க. இடது பின் சக்கரம் புடிக்குது. நாந்தான் விட மறந்துட்டேன்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். அண்ணாச்சி, "காசி, ஓரங்கட்டுங்க" என்று மட்டும் சொன்னார்.

இறங்கிப் பார்த்தார். தொடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு சாண் தூரத்திலேயே புறங்கையில் அனல் அடித்தது. யாரோ குடிக்கக் கொண்டு வந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். "ஊத்தாதீக, டிரம்மு வெடிச்சிரும்" என்று கையால் தடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நேரமாகும், கண்ணன்?"

"ஆறணும் அண்ணாச்சி. சூட்டுல டிரம்மு விரிஞ்சிருக்கு. இப்ப அளவு வச்சா ஆறினப்புறம் மறுபடி புடிக்கும். முக்கா மணி நேரத்துக்கு மேல ஆகும்."

பெரியப்பாவுக்கு மீசை துடித்தது. "முகூர்த்தத்த வச்சிக்கிட்டு முக்கா மணி நேரமா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி எடுக்கச் சொல்லுங்கய்யா. இங்க இருக்கு நரிக்குடி."

அண்ணாச்சி பதில் சொல்வதற்குள் திருச்சுழிப் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. கருவேல விறகை மூட்டம் போட்டுச் சுட்ட கரியை எங்கோ இறக்கிவிட்டு நரிக்குடிக்கு வெறும் வண்டியாகத் திரும்பும் லாரி. அண்ணாச்சி ரோட்டின் நடுவே போய் நின்று கையைக் காட்டினார். டிரைவர் பக்கத்தில் செல்வியும் அவள் அம்மாவும் தாய்மாமனும் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். அண்ணாச்சி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் கரித்தூளில் ஏறினார். "வாங்க சம்மந்தி" என்று பெரியப்பாவையும் கூப்பிட்டார். பெரியப்பா லாரியைப் பார்த்தார், தன் பட்டுத் துண்டைப் பார்த்தார், வரவில்லை என்று தலையை ஆட்டினார்.

அண்ணாச்சி வேறு யாரிடமாவது வண்டியை ஒப்படைப்பார் என்று நினைத்தேன். காசியிடம் ஒரு கண் வைக்கச் சொல்வார் என்றாவது எதிர்பார்த்தேன். தப்புச் செய்தவன் நான். லாரி மேலிருந்து அவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

"காசி, கண்ணன் சரின்னு சொன்னாத்தான் சாவியப் போடணும். வேற யாரு சொன்னாலும் போடக் கூடாது." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க வச்ச பிரேக்கு. எஞ்சொந்தக்காரக பூராம் இதுலதான் இருக்காக. பத்திரமாக் கொண்டாந்து சேருங்க."

லாரி போய்விட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுக் கீழே புகுந்தேன். முதலில் லைனிங் டிரம்மை விடும்வரை போல்ட்டைத் தளர்த்தினேன். சக்கரத்தின் உள்பக்கம் விரல் விட்டுத் துடைத்துப் பார்த்தேன். கிரீஸ் இறங்கவில்லை. தப்பித்தோம். அப்புறம் ஆறும்வரை காத்திருப்பதுதான் வேலை.

ரோட்டோரத்தில் சீமைக் கருவேலத்தைத் தவிர வேறு நிழல் இல்லை. அதைப் பெரிதாக நிழல் என்று சொல்ல முடியாது. வேட்டி சேலையெல்லாம் வேர்வையில் ஒட்டிக்கொண்டது. பெரியப்பா ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து குனிந்து, "ஆச்சா?" என்பார். "இல்லைங்கய்யா" என்பேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, தப்புப் பண்ணினவன் நீ. இப்ப என்னத்துக்கு இம்புட்டுச் சுத்தபத்தம்?"

"தப்புப் பண்ணினதுனாலதான்யா" என்றேன்.

 அவர் அங்கிருந்து போகவில்லை. துண்டை விரித்து ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு விட வேண்டும் என்று அவர் கேட்டதற்கு ஆறு டக் என்றேன்.

டிரம்மில் புறங்கையை வைத்துப் பத்து எண்ணும்வரை எடுக்காமல் இருக்க முடிந்தபோது அளவு வைக்கத் தொடங்கினேன். இறுக்கினேன். டயரில் ஒரு கோடு போட்டேன். விட ஆரம்பித்தேன். "ஆறு விடணும்னு சொன்னேல்ல?" என்று மேலே குரல் கேட்டது. பெரியப்பா மீசை தரையில் உரசுகிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். டக் கேட்கக் கேட்க அவரே எண்ணினார். "நாலு... அஞ்சு... ஆறு. போதும், போதும், நிப்பாட்டு." நான் இரண்டாவது கோட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். "காசி, எடுங்க" என்றேன். பெரியப்பா தன் ஆட்களைப் பார்த்து, "அந்தக் கடைசி சீட்ட விடுங்கப்பா, அவரு உக்காரட்டும்" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. தாலி கட்டுவதைப் பார்க்க முடியவில்லையே என்று அண்ணாச்சியின் அக்கா மூக்கைச் சிந்தினார். வண்டியைப் பார்த்ததும் பந்தலிலிருந்து அண்ணாச்சி வந்தார். சம்பந்தி மாலை கழுத்தில் இருந்தது. பட்டு வேட்டியின் பின்பக்கம் முழுக்கக் கரி. அக்காவிடம், "முழுசா வந்து சேந்துட்டீகள்ல, அது போதும்" என்றார். அதோடு நிற்கவில்லை. மாலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு சக்கரத்துக்கும் பின்னால் புறங்கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். கல்யாண வீடே வேடிக்கை பார்த்தது.

"பந்தி போட்டாச்சு. வாங்க கண்ணன், சாப்பிடுவோம்" என்றார். என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் ஷெட்டில் பிரேக் வேலைகளை எழுதி வைக்கும் நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நடந்ததை எழுதச் சொன்னார். 'கவனக் குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இத எழுதினா அடுத்தவனுக்கு என்ன வெளங்கும்? ஆறு விடணும், ஒண்ணும் விடல, அதுக்கு முந்தியே ரெண்டு கோடும் போட்டுட்டேன்னு எழுதுங்க."

எழுதினேன். எழுதி முடித்ததும் என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணாச்சி, எனக்கு வாடை முந்தியே வந்துருச்சு. ஒரு கிலோமீட்டர் தூரம் சும்மா உக்காந்திருந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

 திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"அதையும் எழுதுங்க" என்றார்.

எழுதினேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஒருமுறைகூட, விளையாட்டுக்குக்கூட எடுக்கவில்லை. மறுநாள் காலையில் நரிக்குடி வண்டிக்குப் பிரேக் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார். எத்தனையோ கெட்டிக்கார மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அவரைப் போல ஒரு மனுஷனைப் பார்த்ததில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன வாரம் செல்வி பத்திரிகை வைக்க வந்தது. அதன் மகளுக்குக் கல்யாணம். இந்தத் தடவையும் நரிக்குடியில்தான். அண்ணாச்சிக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை, காது மட்டும் அப்படியே கூர்மையாக இருக்கிறதாம். அருப்புக்கோட்டையிலிருந்து சொந்தக்காரர்களை அழைத்துப் போக எங்கள் பழைய ஷெட்டிலிருந்து புது வண்டியைப் பேசியிருக்கிறார்கள். பாண்டி சொன்னானே, பிரேக் தானே அட்ஜஸ்ட் ஆகிக்கொள்ளும் வண்டி, அதுதான்.

"சித்தப்பா, கடைசி சீட்டுல துண்டு போட்டு வைக்கச் சொல்லி அப்பா சொல்லிட்டாக. அங்கன யாரையும் உக்கார விடக் கூடாதாம்" என்றது செல்வி.

"நான் ரிட்டயர்டு ஆயி மூணு வருஷமாச்சேம்மா. அந்த வண்டியில மெக்கானிக்குக்கு என்ன வேல இருக்கு?"

"நானும் அதத்தான் சொன்னேன். 'கண்ணன் வந்து உக்காந்தாத்தான் நா வண்டியில ஏறுவேன்'னுட்டாக."